எறும்பிலிருந்து பால்கொட்டகை வரை



பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வாசனை மறக்காது. அது பால்கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் ஆசிட் வாசனை. வாளியில் வந்த பாலை வடிகட்டித் தண்ணீர் சேர்த்து, அளந்த ஆசிட்டை ஊற்றிக் கலக்கி வைத்தால், பால் தயிரைப்போல் உறைந்துவிடும். பிறகு உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகைக்கொட்டகையில் காயவைப்பார்கள். நம் தாத்தா பாட்டிமார் பல்லாண்டுகள் செய்த வேலை இது. ஆனால் அந்த ஆசிட் என்ன பொருள், பால் ஏன் அதனால் உறைகிறது என்று அவர்களுக்கு விளக்கிச் சொன்னவர் அரிது. இன்று அந்தக் கதையைப் பார்ப்போம்.

முதலில் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்வோம். புளி, எலுமிச்சை, காடி ஆகியவற்றில் புளிப்பைத் தருவது அமிலம். ஆசிட் என்பதும் அதுதான். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் கரைத்த நீர், துணி துவைக்கும் சோப்பு ஆகியவற்றில் இருப்பது காரம். இது மிளகாயின் காரம் அன்று; கையில் பட்டால் வழுவழுப்பாக இருக்கும் வேறொரு பொருள். அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றின் வேகத்தை மற்றொன்று அடக்கிவிடும். அப்போது பிறப்பது உப்பு. நாம் சோற்றில் போடும் உப்பு பல உப்புகளுள் ஒன்றுதான்.

பழங்காலத்தில் மனிதன் இவற்றை நாக்கால்தான் பிரித்தறிந்தான். புளிக்கு அது சரி. கடும் திராவகங்களை நாக்கில் வைத்துப் பார்க்க முடியுமா? இதற்கு வழி காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்த ராபர்ட் பாயில். வயலெட் என்னும் மலரின் சாறு அமிலம் பட்டால் சிவக்கிறது, காரம் பட்டால் பச்சையாகிறது என்று 1664-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். நிறமே சோதனைக் கருவியாயிற்று. இன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பயன்படுத்தும் லிட்மஸ் தாளும் இந்த வகையைச் சேர்ந்ததே.

தாய்மார்களே, இந்தச் சோதனை உங்களுக்குப் புதிதன்று. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் அது சிவந்துவிடுகிறதல்லவா? காரம் இருப்பதை மஞ்சள் காட்டிக்கொடுக்கிறது. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதனால்தான். அந்தச் சிவப்பு நீரில் போதிய அளவு எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள், மீண்டும் மஞ்சளாகிவிடும். வேலியோரத்துச் சங்குப்பூவின் நீலச் சாறும் எலுமிச்சை பட்டால் நிறம் மாறும். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்து காட்டலாம்.

அமிலத்துக்கு அமிலத்தன்மை எதனால் வருகிறது? பிரான்சு நாட்டு அறிஞர் லவாசியே, ஆக்சிஜன்தான் காரணம் என்றார். அவர் அதற்கு இட்ட பெயருக்கே 'அமிலத்தை உண்டாக்குவது' என்பது பொருள். அது தவறு. உப்பிலிருந்து எடுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பதை இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி 1810-ஆம் ஆண்டு வாக்கில் நிலைநாட்டினார். பின்னர் சுவீடன் நாட்டு அரேனியஸ், நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதே அமிலம் என்று விளக்கினார். அயனி என்பது மின்னூட்டம் பெற்ற நுண்துகள். 1884-இல் அவர் பட்டத்துக்காக அளித்த ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் மிகக் குறைந்த மதிப்பே கொடுத்தது. அந்தக் கருத்தின் தொடர்ச்சிக்கே 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து, டென்மார்க் நாட்டில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த சோரன்சன், 1909-இல் அமிலத்தை எண்ணால் அளக்கும் பி.எச். என்னும் அளவைக் கொண்டுவந்தார். தூய நீருக்கு 7. அதற்குக் கீழே போகப் போக அமிலம்; மேலே ஏற ஏறக் காரம். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டதென்று பொருள்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. அங்கே பாலைக் கட்டையில் ஊற்றி, புகையில் காட்டிக் காட்டி உறையவைத்தனர். மரப்புகையில் அசிட்டிக் அமிலம், அதாவது காடியில் உள்ள அதே அமிலம், கலந்திருக்கிறது. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். ஆயிரக்கணக்கான மரங்களின் பாலைப் புகையில் சிறிது சிறிதாக உறையவைப்பது நடக்கிற காரியமா? இலங்கையின் பேராதனைத் தோட்டத்தில் 1890-களின் இறுதியில் ஆராய்ந்த ஜான் பார்க்கின், அசிட்டிக் அமிலத்தால் பாலை உறையவைக்கலாம் என்று காட்டினார். மலாயாவில் முதலில் அதுவே பயன்பட்டது. குறைந்த அளவே போதும் என்பதால், பின்னர் ஃபார்மிக் அமிலம் அதன் இடத்தைப் பிடித்தது.

ஃபார்மிக் என்னும் பெயர் எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மன் நாட்டு மார்க்ராஃப் 1749-இல் எறும்புகளிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார். மலாய்க்காரர் கெரெங்கா என்று சொல்லும் சிவந்த எறும்பு கடித்தால் எரிகிறதே, கடித்த இடத்தில் அது பீய்ச்சுவதும் இந்த அமிலமே. இப்போது இது தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது.

பால் ஏன் உறைகிறது? பாலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துளிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஒவ்வொன்றையும் புரதப் போர்வை மூடியிருக்கிறது. அதில் ஒரேவகை மின்னூட்டம் இருப்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கும். புதுப்பாலின் பி.எச். 7-ஐ ஒட்டியிருக்கும். அமிலம் சேர்ந்து அது 5-ஐ ஒட்டி இறங்கியதும் மின்னூட்டம் அழிகிறது, துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. மங்கிலேயே விட்டுவைத்த பாலில் நுண்கிருமிகள் தாமே அமிலத்தை உண்டாக்குவதால்தான் கட்டிப்பால் கிடைக்கிறது.

உறையக்கூடாது என்றால் காரம் வேண்டும். அதற்குத்தான் பாலில் அம்மோனியா சேர்ப்பது. அம்மோனியா போட்ட பாலை உறையவைக்க ஆசிட் அதிகம் பிடிக்கும். காரணம், முதலில் ஊற்றும் ஆசிட் அம்மோனியாவோடு சேர்ந்து உப்பாகிவிடும். மிஞ்சியதுதான் பாலை உறையவைக்கும். அமிலம், காரம், உப்பு மூன்றும் ஒரே தொட்டியில் இருந்தன!

பாலின் திடத்தைப் பார்த்துத் தண்ணீரும் ஆசிட்டும் அளந்து, தகடு கெடாமல் எடுத்த நம் பெரியவர்கள் வேதியியல் வேலையைத்தான் செய்தார்கள். அந்த வேலைக்குப் படிப்பில்லாதவர் வேலை என்ற பெயர்தான் கிடைத்தது.

தெரியாமல் கையாண்டதால் உடம்பு புண்பட்டவர்களும் உண்டு. ஆகவே இவற்றை மனத்தில் வையுங்கள். ஆசிட்டைக் கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணுக்குக் காப்பும் வேண்டும். உடம்பிலோ கண்ணிலோ பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'அமிலத்தைக் காரம் அடக்கும்' என்று சுண்ணாம்பு தடவாதீர்கள். அதுவும் சேர்ந்து சுடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடிநீர், சர்பத் போத்தல்களில் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் போத்தல்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சிறுதோட்டக்காரர் பலர் கட்டிப்பாலாகவே விற்கின்றனர். அவர்களுள் சிலர் விரைவில் உறைய வேண்டுமென்று கந்தக அமிலத்தை ஊற்றுவதுண்டு. அது ரப்பரில் தங்கி அதன் தரத்தைக் கெடுக்கும். ஆலை இயந்திரங்களையும் அரிக்கும். வேகம் கூடிய அமிலமே நல்ல அமிலம் என்று எண்ணுவது தவறு.

பால்கொட்டகையில் வேலை செய்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், பாலை எப்படி அளந்தீர்கள், எப்படி உறையவைத்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ள பாடத்தைக் கையால் செய்தவர் அவர்.