எல்காட், லினக்ஸ், உமாசங்கர்: நம்மிடம் வந்துசேராத ஒரு வரலாறு

கீழப்பழுவூரைச் சுற்றியுள்ள சேரிகளில் பல வீட்டுப் பரண்களில் ஒரு மடிக்கணினி கிடக்கிறது. 'அம்மா லேப்டாப்' என்றுதான் சொல்வார்கள். பேட்டரி செத்திருக்கும், ஒன்றிரண்டு பொத்தான்கள் விழுந்திருக்கும். சார்ஜரைச் செருகி உயிர்ப்பித்தால், சிலவற்றில் இன்றைக்கும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். கீழே எண்கள் இறங்கிக்கொண்டே வரும். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏதோ ஒன்று தானாகத் திறந்துகொள்ளும்.

இரண்டாவது வரியைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. அது எதற்கு இருக்கிறது என்று பள்ளியில் சொன்னார்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்த வரி அங்கே வந்து உட்கார்ந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கணினிக்காரர்கள் அதைத் தங்கள் வரலாறாக எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கும் அதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பின்னணி. கணினியின் வன்பொருளையும் நாம் செய்யும் வேலையையும் இணைக்கும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். அதை எழுதிய மூல நிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் காசுக்கு விற்பது ஒரு வழி. 1976-இலேயே பில் கேட்ஸ், காசு கொடுக்காமல் மென்பொருளை நகலெடுக்கிறவர்களைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டார். இன்னொரு வழியை 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். நிரலை யாரும் இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருனி இதோடு சேர, ஒரு முழு இயங்குதளம் உருவானது. 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998-இல் வந்தது. அது நிறுவனங்களுக்குப் பிடித்த பெயர். தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்றும் சொல்கிறோம். ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்ன என்று தெரிந்த நமக்குக் 'கட்டற்ற' என்ற சொல்லின் கனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

2006-இல் தமிழ்நாடு மின்னணுக் கழகத்தின், அதாவது எல்காட்டின், நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் வந்தார். 1990-ஆம் ஆண்டுத் தொகுப்பு இ.ஆ.ப. அதிகாரி, தலித். மதுரையில் கூடுதல் ஆட்சியராக இருந்தபோது சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளிக்கொண்டுவந்தவர். திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது பட்டா மாறுதல், சான்றிதழ் வேலைகளைக் கணினிக்குக் கொண்டுபோனவர். தாலுகா ஆபீசில் ஒரு சாதிச் சான்றிதழுக்கு எத்தனை நடை நடந்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வேலை வெறும் 'டெக்னாலஜி' அல்ல என்று புரியும். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்பதைக் கணினி காட்டிக்கொடுத்துவிடும்.

எல்காட்டுக்கு வந்தவர், தன் மடிக்கணினியில் சூசே லினக்ஸைப் போட்டுப் பார்த்தார். பிறகு அலுவலகத்தையே அதற்கு மாற்றினார். எழுத்து வேலைக்கு ஓபன் ஆபீஸ். அடுத்து அவர் கைவைத்தது பள்ளிகளில். 30,000 கணினிகளையும் 1,880 சர்வர்களையும் லினக்ஸுக்குக் கொண்டுபோகும் திட்டம் அப்போது செய்தியானது. அரசு கொடுக்கும் கணினிக்கு ஆண்டுக்காண்டு தனியார் உரிமக் கட்டணம் எதற்கு, வைரசுக்குப் பயந்து இன்னொரு மென்பொருளை எதற்கு வாங்க வேண்டும் என்பதுதான் வாதம். அரசு வாங்குகிற அளவு பெரியது. வாங்குகிறவன் உறுதியாக நின்றால் விற்கிறவன் இறங்கி வருவான். இயங்குதளச் சண்டையைப் பொறியாளர்களின் ரசனைச் சண்டையாகவே பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதைக் கொள்முதல் அதிகாரமாகப் பார்த்த அதிகாரி அவர். அந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த தலித்துகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பக்கத்துக் கேரளத்திலும் இதே காலத்தில் இது நடந்தது, ஆனால் வேறு மாதிரி. அங்கே 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. பாடத்திட்டம் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றி இருக்கிறதே என்று ஆசிரியர் சங்கங்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கேள்வி எழுப்பினார்கள். பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பத்தாம் வகுப்பு ஐடி தேர்வே அதில் நடந்தது. அங்கே அது ஓர் ஆளின் முயற்சியாக நிற்காமல் அமைப்பின் வேலையானது. இங்கே ஒரு நல்ல அதிகாரி வந்தார், செய்தார். அவரை மாற்றினால் கதை முடிந்துவிடும் என்ற நிலையில்தான் நாம் இருந்தோம்.

மாற்றவும் செய்தார்கள். 2008-இல் அவர் எல்காட்டில் இல்லை. 2010 ஜூலையில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். போலிச் சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்கு வந்தார் என்பது குற்றச்சாட்டு. இருபது ஆண்டு பணியாற்றிய பிறகு! தான் விசாரித்த, அறிக்கை கொடுத்த முறைகேடுகளுக்குப் பழிவாங்கும் நடவடிக்கை இது என்றார் அவர். தலித் அமைப்புகள் தெருவுக்கு வந்தன, தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையம் தலையிட்டது, ஆகஸ்டில் நீக்கம் ரத்தானது. (பின்னாளில் அவர் கிறித்தவப் பிரசாரத்தில் இறங்கியதும் 2015-இல் அதற்காக அரசோடு மோதியதும் வேறு கதை.)

லினக்ஸ் ஆர்வலர்கள் எழுதும் வரலாற்றில் 'எல்காட் உமாசங்கர்' இருக்கிறார், அவருடைய சாதி இல்லை. நம் மேடைகளில் 'பழிவாங்கப்பட்ட தலித் அதிகாரி உமாசங்கர்' இருக்கிறார், லினக்ஸ் இல்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் நிகழ்ந்தது புரியும். பெரிய கொள்முதல்களில் கேள்வி கேட்கும் ஒருவர்மேல் கைவைக்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. தலித் என்றால் சான்றிதழைத் தூக்குவது அதில் எளிய வழி. ஆதிக்கச் சாதி அதிகாரி ஒருவரிடம் 'நீ உண்மையிலேயே அந்தச் சாதிதானா' என்று எந்த அரசும் கேட்டதாக நான் படித்ததில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் என்று திட்டமிட்டார்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்கள் யார்? ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் விடுதியிலும் இருப்பவர்கள் யார்? குடும்பத்தின் முதல் கணினி அது. அந்த வகையில் இந்தியாவிலேயே தலித் வீடுகளுக்குள் கணினியைக் கொண்டுபோன மிகப் பெரிய திட்டங்களில் ஒன்று இது என்று தயங்காமல் சொல்வேன். அவற்றில் ஏற்றப்பட்ட பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும். 2014 ஏப்ரல் 8-இல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் எக்ஸ்பியைக் கைவிட்டபோது, அரசுத் துறைகளும் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசே வழிகாட்டியது.

அப்புறம் ஏன் அந்த இரண்டாவது வரி செத்துப்போனது? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அந்தக் காலத்து மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினார்கள். வெளியே வந்தால் வேலை கேட்கும் இடத்தில் 'எம்.எஸ். ஆபீஸ் தெரியுமா?' என்று கேட்டார்கள். மடிக்கணினி மக்கர் செய்தால் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போகும். கடைக்காரர் 'பார்மேட்' போடுவார், அதாவது லினக்ஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுப்பார். நம் ஊரில் தனியுரிம மென்பொருளின் விலை அந்தக் கடைக்காரரின் கூலிதான். ஆகவே 'லினக்ஸ் இலவசம்' என்ற பிரசாரம் இங்கே யாரையும் அசைக்கவில்லை. இரண்டுமே இலவசம்தானே!

பூட்டிய தொழில்நுட்பத்தின் உண்மையான விலை வேறு இடத்தில் தெரிகிறது. வன்கொடுமைப் புகார் மனு தட்டச்சு செய்ய டிடிபி சென்டருக்குப் போவோம். அந்தக் கடையில் ஒரு எழுத்துரு, வக்கீல் ஆபீசில் இன்னொன்று, அரசு அலுவலகத்தில் மூன்றாவது. ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியேற்றம். கோப்பை அனுப்பினால் அங்கே திறக்கும்போது தமிழ் இருக்காது, கட்டம் கட்டமாகவோ ஆங்கிலக் குப்பையாகவோ இருக்கும். அடிபட்டுக் கிடப்பவரின் வாக்குமூலத்தை இப்படி முதலிலிருந்து மறுபடி தட்டச்சு செய்த நாட்கள் எனக்கு உண்டு. ஒருமுறை அதில் சம்பவ நேரமே மாறிப்போய், அதைத் திருத்த ஒரு நாள் போனது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. அறிவித்த பிறகும் பழைய எழுத்துருக்கள் பல ஆண்டு ஓடின. பொதுத் தரம், திறந்த வடிவம் என்றெல்லாம் பேசுவது நகரத்து ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த மனுக்களைப் பார்க்க வேண்டும்.

அதற்காகத் திறந்த மூலம் வந்தால் எல்லாம் திறந்துவிடும் என்று நான் நம்பவில்லை. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் எல்லாவற்றையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று அந்த ஆண்டு செப்டம்பர் 25 தேதியிட்ட அரசாணை சொன்னது. நூறு ஆண்டு தாண்டிவிட்டது. எந்தெந்தக் கிணறு எப்போது திறந்தது என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அரசாணையால் திறந்ததைவிட, குடத்தோடு போய் நின்றதால் திறந்தவை அதிகம்.

மென்பொருளிலும் இதே கதைதான். நிரல் இணையத்தில் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. ஆனால் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. சந்தேகம் கேட்டால் 'முதலில் படித்துவிட்டு வா' என்ற பதில் வருகிறது. பங்களிக்க ஓய்வு நேரம், வீட்டில் இணையம், ஆங்கிலம், தப்பாகக் கேட்டாலும் கூசாத துணிச்சல் எல்லாம் வேண்டும். இவற்றை வாய்க்கப் பெற்றவர்கள் தங்கள் உலகத்தில் 'தகுதி' மட்டுமே பேசும் என்கிறார்கள். இந்தச் சொல்லை நாம் மண்டல் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். ஐஐடி மெட்ராசை ஆராய்ந்த அஜந்தா சுப்ரமணியன், சாதி எப்படித் தகுதியாக உருமாறுகிறது என்று 2019-இல் ஒரு புத்தகமே எழுதினார். கிட்ஹப் நிறுவனம் தன் அலுவலகத்தில் 'தகுதியாட்சி' என்று பொறித்த கம்பளம் விரித்திருந்தது. பெண்கள் கேள்வி எழுப்பிய பிறகு 2014-இல் அதைச் சுருட்டி வைத்தது. நம் ஊர் லினக்ஸ் கூட்டங்களில் கம்பளம் இல்லை. மற்றபடி பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை.

விதிவிலக்குகள் இருக்கின்றன, அவைதான் எனக்கு நம்பிக்கை. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் நடந்தது. பழைய கணினிகள், முழுக்கக் கட்டற்ற மென்பொருள், தன்னார்வலர்கள். அங்கிருந்த பிள்ளைகள் கிம்ப் என்ற மென்பொருளில் படம் வரையக் கற்றுக்கொண்டார்கள். பெயரிலேயே அம்பேத்கரை வைத்து, கணினியைக் குடிசைப் பகுதிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். 2012-இல் தொடங்கிய 'கணியம்' இதழும் தமிழில்தான் எழுதுகிறது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் இப்படி ஒன்றை ஆரம்பிக்க நிரலாளர் தேவையில்லை. மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கும் ஒருவர் போதும்.

இப்போது இதற்கு அவசரமும் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணினிகளில் பெரும்பாலும் ஏறாது, டிபிஎம் 2.0 சிப் கேட்கும். நல்ல நிலையில் ஓடும் கணினி ஒரு நிறுவனத்தின் முடிவால் பழசாகிறது. வசதியுள்ளவர்கள் புதிது வாங்குவார்கள். அவர்கள் கழித்துப்போடுவதுதான் நம் இரவுப் பாடசாலைக்கு வந்து சேரும்.

எங்களுக்கு அப்படி நான்கு வந்தன. நான்கிலும் லினக்ஸ் மின்ட் போட்டு, தமிழ் 99 விசைப்பலகை வைத்தோம். பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். கல்லூரியில் பி.காம். படிக்கும் ஒரு பெண் மட்டும், "அக்கா, இதுல டேலி வருமா?" என்று கேட்டாள். நேரடியாக வராது என்றேன். சென்னை கொளத்தூரில் நம் குழுமூர் அனிதா பெயரில் நடக்கும் அகாடமியிலும் பெண்களுக்கு டேலிதான் கற்றுத்தருகிறார்கள். அதுதான் வேலைக்கு வழி என்பதால். கணக்கு எழுத ஜிஎன்யூகாத்தா என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, பற்று வரவு எல்லாம் அதேதான் என்று திறந்து காட்டினேன். பத்து நிமிடம் பார்த்தாள். புரிந்தது. பிறகு, "இது தெரியும்னு சொன்னா அரியலூர்ல வேலைக்குச் சேர்த்துப்பாங்களாக்கா?" என்றாள்.

சேர்க்க மாட்டார்கள் என்றுதான் சொன்னேன். ஒரு கணினியில் விண்டோஸை வைத்திருக்கிறோம். அவள் இரண்டையும் படிக்கிறாள்.