ஈழத்தலரி: பெயருக்குள் இருக்கும் தாவர அறிவு

கோயில் நந்தவனங்களிலும் விகாரை முற்றங்களிலும் தடித்த சாம்பல் கிளைகளோடு நின்று, நுனிகளில் கொத்தாக ஐந்திதழ்ப் பூ விடும் மரத்தைத் தமிழ் ஈழத்தலரி என்கிறது. பெருங்கள்ளி என்றும் சொல்வதுண்டு. தாவரவியலில் இதன் பேரினம் புளுமேரியா, பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்ல் புளூமியேயின் நினைவாக இட்ட பெயர். இனங்கள் எல்லாமே அமெரிக்க வெப்பமண்டலத்தவை. ரூப்ரா என்ற இனத்தின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். இலைநுனி மழுங்கிய ஒப்டூசா என்ற இனம் கரீபியத் தீவுகளுக்கு உரியது. மெக்சிகோவின் நாவாட்டல் மொழியார் ரூப்ராவைக் காக்கைப்பூ என்றனர். அப்படியானால் ஈழமும் பிழை, அலரியும் பிழை என்று தள்ளிவிடலாமா? கூடாது. இரண்டு பாதிகளிலும் பொருள் இருக்கிறது.

அலரி, அலர்தல் என்ற வினையோடு சேர்ந்த சொல். எழுத்து இடம்மாறி அரளி என்றும் வழங்கும். தமிழகத்தில் அது செந்நிறமாகவும் வெண்ணிறமாகவும் பூக்கும் நச்சுப் புதர். அதன் இலை ஒடுங்கியது, மும்மூன்றாக அமைவது. புளுமேரியா இலையோ அகன்றது, ஒன்றுவிட்டு ஒன்றாக அமைவது. இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்தது கண்மூடித்தனம் என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் இலையைத் தாண்டிப் பார்த்தால், முறித்த இடத்தில் வடியும் பாலும், அரும்பில் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்ட இதழ்களும் இரண்டுக்கும் பொது. தாவரவியல் இன்று இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைப்பதும் இத்தகைய உறவுகளைக் கண்டுதான். இந்தியில் இம்மரம் சம்பா; லாவோஸின் தேசிய மலரான தொக் சம்பாவும் இதுவே. அவர்கள் மணத்தைப் பிடித்துக்கொண்டு சண்பகத்தின் பெயரைக் கொடுத்தார்கள். சண்பகமோ மக்னோலியா குடும்பம், தொலைவான இனம். மணம் எளிதில் ஏமாற்றும்: இரவில் மணக்கும் ரூப்ராவின் பூவில் தேனே இல்லை, அந்துப்பூச்சி ஏமாந்து மகரந்தம் சுமக்கிறது. தமிழ்ப் பெயரின் பொருத்தம் தற்செயல் என்பார்க்கு இன்னொரு சான்று: அமெரிக்காவிலிருந்தே வந்த, அதே குடும்பத்து மற்றொரு செடியையும் மஞ்சள் அரளி என்றுதான் அழைத்தோம். வந்த இரண்டையும் சரியான உறவினரோடு சேர்த்த கண்ணை நான் மதிக்கிறேன்.

ஈழம் என்ற முற்பாதி பிறந்த ஊரைச் சொல்வதாகக் கொண்டால் தவறுதான். மலாய் மொழியார் இதே மரத்தைக் கம்போஜா என்று கம்போடியாவின் பெயரால் அழைக்கிறார்கள். அதுவும் அதன் பிறப்பிடமன்று. ஈழம் என்பதற்குக் கள் என்ற பொருளும் உண்டே, பெருங்கள்ளி என்ற பெயரைப் போல அது பாலைத்தானே குறிக்கும் என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வி. ஆனால் இலங்கை வழக்கு வேறு விடையைத் தருகிறது. சிங்களத்தில் அரலியா என்றால் இந்த மரம். நம் அரளிப் புதருக்குக் கனேரு என்ற தனிப்பெயர் உண்டு. கொழும்பில் பிரதமரின் இல்லம் தமிழில் அலரி மாளிகை. அந்த அலரியும் இம்மரமே. ஆகவே ஈழத்தலரி என்பது ஈழத்தார் அலரி என்று சொல்லும் மரம் என்ற வேறுபடுத்தலாகவே எனக்குப் படுகிறது. முன்னொட்டை விட்டு வெறும் அரளி என்று எழுதினால், தமிழக வாசகர் கண்முன் வருவது நச்சுப் புதர்தான்.