சந்தோஷ் டிராபியும் சம்பளப் பட்டியலும்

எங்கள் கொல்கத்தா கிளையில் ஒரு தாதா இருந்தார். ரௌடி என்று நினைத்துவிடாதீர்கள். வங்காளிகள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலையில் கேஷ் கவுன்டர், மதியத்துக்கு மேல் மைதானம். கால்பந்து ஆடியதற்காகவே விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு வந்தவர்.

நான் கோயம்புத்தூர்க்காரன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "1992 சந்தோஷ் டிராபி பார்த்தீங்களா?"

பார்த்தேன். பள்ளிக்கூடப் பையனாக, அப்பாவோடு. கோவாவை வென்று கோப்பையைத் தூக்கியது கேரளா. கேப்டன் வி.பி.சத்யன் பிறகு நம்ம சென்னையில் இந்தியன் வங்கி அணிக்கு ஆடினார். போலீஸ், ரயில்வே, வங்கி என்று எல்லோருக்கும் எங்காவது ஒரு வேலை இருந்தது. அது ஏன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. தாதாதான் புரிய வைத்தார்.

நம் நாட்டில் கால்பந்து முதலில் ராணுவ சமாச்சாரம். 1888ல் சிம்லாவில் டூராண்ட் கோப்பை தொடங்கியது. 1893ல் கல்கத்தாவில் இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன் வந்தது. பெயரில் இந்தியா, பிடி வங்காளத்திடம். மற்ற மாகாணங்கள் சும்மா இருக்குமா? இழுபறிக்குப் பின் 1937ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பிறந்தது. மாவட்ட சங்கம், அதற்கு மேல் மாநில சங்கம், உச்சியில் சம்மேளனம். ஏறக்குறைய நம்ம கிளை, மண்டலம், தலைமை அலுவலகம் மாதிரிதான்.

மாநிலங்கள் மோத 1941ல் சந்தோஷ் டிராபி வந்தது. சந்தோஷ் என்பது மகிழ்ச்சி அல்ல, ஊர்ப்பெயர். இன்று பங்களாதேஷில் இருக்கிறது. அந்த ஊர் ராஜா மன்மதநாத் ராய் சௌத்ரி நினைவாக வைத்தது. முதல் கோப்பை வங்காளத்துக்கு.

இதில் மாநிலமே இல்லாத இரண்டு அணிகளும் உண்டு. ஒன்று சர்வீசஸ், இன்னொன்று ரயில்வே. 1960களில் ரயில்வே மூன்று முறை ஜெயித்தது. அமெச்சூர் என்றால் ஆட்டத்துக்குக் கூலி கிடையாது, ஆனால் வயிறு கேட்குமா? அதனால் அலுவலகங்கள் சோறு போட்டன, சங்கங்கள் சட்டை கொடுத்தன. ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை, ஆடுகிறவனுக்கு உண்டு.

இதற்கும் ஒரு விலை இருந்தது. மேட்ச்சுக்காகப் பதவி உயர்வுத் தேர்வுகளை விட்டவர் தாதா. முழங்கால் போன பிறகு மைதானமும் இல்லை. அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் மேலாளர்கள் ஆனார்கள், அவர் கிளார்க்காகவே ஓய்வு பெற்றார்.

1996ல் தேசிய லீக், 2007ல் ஐ லீக், 2014ல் ஐ.எஸ்.எல். என்று தொழில்முறை ஆட்டம் வளர வளர, பெரிய பெயர்கள் சந்தோஷ் டிராபியில் தென்படுவது அரிதானது. அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன்.

2022 மே 2. மஞ்சேரியில் இறுதி ஆட்டம். அரங்கம் நிரம்பி வழிந்தது. பெனால்டியில் வங்காளத்தைக் கேரளா வென்றது. பாவம் தாதா, ஆறுதல் சொல்லலாம் என்று போன் செய்தேன்.

குரலில் வருத்தமே இல்லை. "கேரளா கேப்டன் ஜிஜோ ஜோசப் யார் தெரியுமா?" என்றார். "ஸ்டேட் பாங்க் ஊழியர். நம்ம ஆளு!"