கட்டமா, வட்டமா, பட்டியலா?

வெப் அப்ளிகேஷன் எழுதுற மக்கள் அதிகம் யோசிக்காம செய்யுற வேலை ஒண்ணு இருக்கு. டேட்டாபேஸ்ல ஒரு ஃபீல்டு இருக்கும். அதைத் திரையில எப்படிக் காட்டுறது? டைப் அடிக்கிற வெறும் கட்டமா, ஒண்ணை மட்டும் தொடுற வட்டமா, இல்லை கீழே இறங்குற பட்டியலா? மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல டேபிள் போட்டுப் பழகினவங்களுக்கு 'டிஸ்ப்ளே கண்ட்ரோல்'னு ஒரு வரி ஞாபகம் இருக்கும். டெக்ஸ்ட் பாக்ஸ், லிஸ்ட் பாக்ஸ், காம்போ பாக்ஸ்னு மூணு சாய்ஸ். ஏதோ ஒண்ணைச் சொடுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். அந்தச் சொடுக்குக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்குங்க. அதுல பாதி எங்க சேலம் ஜில்லாவிலேயே நடந்தது.

1792-ல திப்பு சுல்தானோட நடந்த ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்துச்சு. நிர்வாகம் பண்ண வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே மக்லியோட், கிரகாம், அப்புறம் பின்னாளில் மெட்ராஸ் கவர்னர் ஆன தாமஸ் மன்றோ. நாலு பேரும் பட்டாளத்துக்காரங்க. நிலத்தை அளந்து, நஞ்சை, புஞ்சை, தோட்டம்னு பிரிச்சு, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை போட்டாங்க. ரயத்துவாரி முறை முளைச்ச இடம் இதுதான். என் கண்ணுக்கு அந்த நஞ்சை - புஞ்சை - தோட்டம் ஒரு அசல் டிராப்டவுன். மூணுல ஒண்ணுக்குள்ள உங்க நிலம் அடங்கியே ஆகணும், ஏன்னா தீர்வை அதை வச்சுத்தான்.

ஆனா காகிதத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஓரத்துல இடம் இருக்கும். கிணறு வத்திப்போச்சு, அண்ணன் தம்பிக்குள்ள வழக்கு, இந்த மாதிரி சமாச்சாரத்தையெல்லாம் குறிப்புப் பத்தியில எழுதி வச்சுடலாம். பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவியை 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு ஒழிச்சுது. நல்ல காரியம்தான், ஊர்க்கணக்கு ஒரே குடும்பத்து சொத்தா கிடந்தது மாறிச்சு. அப்புறம் வி.ஏ.ஓ. வந்தாங்க, கம்ப்யூட்டரும் வந்துச்சு. பட்டா விவரம் திரைக்கு வந்தப்போ ஓரம் காணாமப் போச்சு. திரையில ஓரம் வேணும்னா அதையும் ஒருத்தர் டிசைன் பண்ணித்தான் வைக்கணும்.

வலைப்பக்கத்துக்குள்ள இந்தக் கட்டமும் வட்டமும் வந்த கதை சின்னதுதான். 1995 நவம்பர்ல டிம் பெர்னர்ஸ் லீயும் டான் கானலியும் சேர்ந்து எழுதின ஹெச்.டி.எம்.எல். 2.0 ஆவணத்துல இன்னிக்கு நாம புழங்குற அடிப்படையானது எல்லாமே இருக்கு: எழுதுற கட்டம், டிக் பெட்டி, ரேடியோ பட்டன், பட்டியல், பெரிய எழுத்துப் பெட்டி. ரேடியோ பட்டன்ங்கிற பேரு பழைய கார் ரேடியோவுல இருந்து வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினா முன்னாடி அமுக்கினது வெளிய துள்ளிடும். ஒரே நேரத்துல ரெண்டு ஸ்டேஷன் கேக்க முடியாதுல்ல?

இனி பட்டியலோட வம்பு. சேலம் மாவட்டத்துல இருந்து 1965-ல தர்மபுரி பிரிஞ்சுது. 1997-ல நாமக்கல் பிரிஞ்சுது. 2004-ல தர்மபுரியில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சுது. எங்க ஓமலூர் வட்டத்துல இருந்தே காடையாம்பட்டி தனி வட்டமாப் போயிடுச்சு. 1960-ல கிருஷ்ணகிரியில பிறந்த ஒருத்தரோட பழைய சான்றிதழ்ல சேலம் ஜில்லான்னு இருக்கும். இன்னிக்கு ஆன்லைன் படிவத்துல சேலத்தைத் தேர்ந்தெடுத்தா அடுத்த பட்டியல்ல அவர் ஊரே வராது. கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுத்தா சான்றிதழோட ஒத்துப் போகாது. மனுஷன் நகரவே இல்லை, மாவட்டம்தான் ரெண்டு தரம் மாறியிருக்கு. பட்டியல் வைக்கிறவங்க எந்த வருஷத்துப் பட்டியல்னு ஒரு பத்தி சேர்த்து வச்சா தீந்துடும். யாரு வைக்கிறா?

சரி, பட்டியலே வேணாம், எல்லாத்துக்கும் வெறும் கட்டம்னு விட்டுட்டா? அதையும் பண்ணிப் பாத்தாச்சு. 2011-ல ஆரம்பிச்ச சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்புல சாதிங்கிற இடத்தை, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கிற கட்டமா விட்டாங்க. முடிவு என்னாச்சுன்னு 2021-ல மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துல தாக்கல் பண்ணின பிரமாணப் பத்திரத்துல இருக்கு. 1931 கணக்குல 4,147 சாதி. இதுல 46 லட்சத்துக்கும் மேல! மகாராஷ்டிராவுல அரசுப் பட்டியல்ல 494, கணக்கெடுப்புல 4,28,677. கேரளத்து மலபார்ல மாப்பிளாங்கிற ஒரே பேரை நாப்பது விதமா எழுதி, நாப்பது சாதியா ஆக்கி வச்சிருந்தாங்க.

எழுத்துப்பிழை மட்டும் காரணம் இல்லைங்க. எங்க பக்கத்துல வந்து சாதி கேட்டா 'கவுண்டர்'னு ஒரே வார்த்தையில பதில் வரும். கொங்கு வேளாளரும் கவுண்டர், இந்தப் பக்கத்து வன்னியரும் கவுண்டர். ஒருத்தர் பி.சி., இன்னொருத்தர் எம்.பி.சி. கட்டத்துல எழுதுற அந்த ஒரு வார்த்தையால ஒரு பிள்ளையோட இடஒதுக்கீட்டுக் கணக்கே மாறும். என் கருத்து, ஆள் சொன்ன வார்த்தைக்கு ஒரு பத்தி, அதை எந்தப் பிரிவுல வச்சோம்ங்கிற குறியீட்டுக்கு இன்னொரு பத்தி, ரெண்டும் வேணும். ஒண்ணை அழிச்சு இன்னொண்ணை எழுதவே கூடாது.

பீகார் இதைப் பாத்து உஷாராகி, 2023 சர்வேயில ஒவ்வொரு சாதிக்கும் ஒரு எண் கொடுத்து பட்டியலாக்குச்சு. அந்தப் பட்டியல்ல 22-ம் எண் என்ன தெரியுமா? திருநங்கைகள்! பாலினத்தைக் கொண்டுபோய் சாதிப் பத்தியில போட்டு, பாட்னா உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பாலினப் பத்தியிலேயே மூணு வாய்ப்பு இருக்கு, சாதி அவங்க சாதியைத்தான் போட்டுக்கலாம்னு அரசு விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

வட்டத்துக்கு வருவோம். ஆண், பெண் ரெண்டு ரேடியோ பட்டன். எல்லாரும் கண்ணை மூடிட்டு வைக்கிறது. தமிழ்நாடு 2008-லயே ரேஷன் கார்டுல மூணாவது பாலினத்தைச் சேர்த்து, திருநங்கைகளுக்கு நலவாரியமும் வச்சுது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல 'இதரர்'னு தனிக் குறியீடு வந்து, நாடு முழுக்க 4,87,803 பேர் அதுல பதிவானாங்க. 2014 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் நால்சா வழக்குல தீர்ப்பே கொடுத்துடுச்சு. இத்தனைக்கும் அப்புறம், 2015-ல தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எஸ்.ஐ. வேலைக்கு ஆள் எடுத்தப்போ, விண்ணப்பத்துல ரெண்டே வட்டம்தான்.

விண்ணப்பிச்சவங்க எங்க சேலத்துக்காரங்க, பிரித்திகா யாஷினி. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் படிச்சவங்க, அதைக் கவனிங்க. விண்ணப்பம் நிராகரிப்பு. சென்னை உயர் நீதிமன்றம் போய் எழுத்துத் தேர்வுக்கு அனுமதி வாங்கினாங்க, எழுதினாங்க, தேறினாங்க. உடல் தகுதித் தேர்வுல நூறு மீட்டர் ஓட்டத்துல ஒரு செகண்டு சொச்சம் கூடிப்போச்சு, மறுபடி கோர்ட். 2015 நவம்பர்ல தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு, அவங்க எஸ்.ஐ. ஆகத் தகுதியானவங்கன்னு தீர்ப்பு சொல்லிட்டு, அடுத்த தேர்வுல மூணாம் பாலினத்தையும் சேர்க்கணும்னு உத்தரவு போட்டுச்சு. 2017 ஏப்ரல்ல தர்மபுரி மாவட்டத்துல எஸ்.ஐ.யா வேலையில சேந்தாங்க. ஒரு ஃபார்ம்ல மூணாவதா ஒரு வட்டம் சேர்க்க நமக்கு ஒரு வரி கோடு. அந்த வரி இல்லாததுக்கு அவங்க ரெண்டு வருஷம் கொடுத்தாங்க.

இன்னொரு கூத்து. ஆதார்ல மூணு வாய்ப்பு, பான் கார்டுல ரெண்டு. ரெண்டையும் இணைக்கணும்னு சட்டம். ஆதார்ல திருநங்கைன்னு இருக்கிறவங்க பான்ல எதைத் தொடுறது? எதைத் தொட்டாலும் 'பொருந்தவில்லை'. 2018 ஏப்ரல்லதான் பான் விண்ணப்பத்தைத் திருத்தினாங்க. ஒரே விஷயத்துக்கு ரெண்டு ஆபீஸ் ரெண்டு விதமா பட்டன் வச்சா நடுவுல மாட்டுறவங்க கதை இதுதான்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2025 ஜூன் 16-ல அறிவிக்கை வந்துச்சு. முதல் முறையா மொபைல் செயலி வழியா, அதோட 1931-க்கு அப்புறம் முதல் தடவையா எல்லா சாதியையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புலயே எண்ணப் போறாங்க. கணக்கெடுக்கிற வாத்தியார் ஓமலூர்ல ஒரு திண்ணையில உக்காந்து போனைத் தட்டும்போது அந்தச் சாதிக் கேள்விக்குக் கீழே கட்டம் வருமா, பட்டியல் வருமா, பட்டியல்னா கடைசியில 'மற்றவை'ன்னு ஒரு வரியும் பக்கத்துல எழுத ஒரு கட்டமும் இருக்குமா? எனக்கு அதைத்தான் முதல்ல பாக்கணும்.