இரு பாலங்கள்



செஞ்சியில் ஆசிரியப் பணியாற்றிய நாள்களில் ஆண்டுதோறும் மாணவர்களை இராசகிரிக்கு அழைத்துச் செல்வேன். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியை நெருங்கும்போது பாறைப் பிளவொன்று குறுக்கிடும். அதன் அகலம் சுமார் 24 அடி. ஆழம் சுமார் 60 அடி. பிளவின்மேல் அந்நாளில் மரப்பாலம் ஒன்று இருந்தது. பகைவர் வரின் அதனை அகற்றிவிடுவர். பின்னர் உச்சிக்கு வழியில்லை. இதனை விளக்கியபோது ஒரு சிறுவன், "ஐயா, எடுப்பதற்காகவா பாலம் போடுவார்கள்?" என்று கேட்டான். விடை தெரியாமல் சிரித்து மழுப்பினேன்.

ஓய்வு பெற்றபின், ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1645-இல் ஆக்கிய 'சிக்ஸின் பாலம்' என்னும் படத்தை ஒரு நூலில் கண்டேன். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கச் செய்து, மையிட்டுத் தாளில் ஒற்றும் கலை அது. சிறியதொரு மரப்பாலம், அதன்மேல் இருவர், அப்பால் பரந்த வெளி, அவ்வளவே. ஒல்லாந்து கால்வாய்கள் நிறைந்த தாழ்நிலம். பாலமின்றேல் அண்டை வயலுக்கும் செல்லல் அரிது. ஆதலின் அந்நாட்டு நிலக்காட்சிப் படங்களில் பாலம் அடிக்கடி இடம்பெறும். அது வாழ்க்கைப் பயணத்தைக் குறிக்கும் என்பாரும் உளர். எனக்கோ அது அயலார்மேல் வைத்த நம்பிக்கையைக் குறிப்பதாகத் தோன்றுகிறது. அங்கே கால்வாய்ப் பாலத்தைத் தூக்குவதும் படகுக்கு வழிவிடுவதற்கே.

அந்நூற்றாண்டில்தான் ஒல்லாந்தர் செஞ்சி நாயக்கரின் இசைவு பெற்றுத் தேவனாம்பட்டினத்தில் வாணிகம் செய்தனர். ஆனால் செஞ்சிக்கு அமைதி நிலைக்கவில்லை. நாயக்கருக்குப்பின் பீஜப்பூரார் ஆண்டனர். 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் நீடித்த முற்றுகைக்குப்பின் 1698-இல் மொகலாயர் வென்றனர். பாலத்தை எடுக்க முடிந்தும் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது.

இதனால் ஒல்லாந்தர் நல்லவர், நம்மவர் அல்லர் என்று எண்ணிவிடாதீர்கள். 1672-இல் பிரெஞ்சுப் படை வந்தபோது, ஒல்லாந்தரும் தம் நிலத்திலேயே வெள்ளத்தைப் பாய்ச்சி வழியை அடைத்தனர். எந்நாட்டிலும் நம்பிக்கை அமைத்த பாலம் கடப்பதற்கு. அச்சம் அமைத்த பாலம் எடுப்பதற்கு. இதுவே அச்சிறுவனுக்கு நான் தரவேண்டிய விடை.

செஞ்சிக்கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்ந்தது. இன்று பல நாட்டாரும் அப்பிளவைக் கடந்து உச்சிக்கு ஏறுகின்றனர். எவரும் பாலத்தை எடுப்பதில்லை. நீங்களும் ஒருநாள் சென்று, அதன் நடுவே சற்று நின்று கீழே நோக்குங்கள்.