சிறுதேர்: குழந்தையின் பருவமும் விளையாட்டுப் பொருளும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டுக்கள் இரண்டு பத்துப்பாட்டில் இடம் பெற்றுள்ளன. பெரும்பாணாற்றுப்படைக்குத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். பட்டினப்பாலைக்குத் தலைவன் சோழன் கரிகாலன். மன்னர் வேறு, நாடு வேறு, பாடற்பொருளும் வேறு. ஆயினும் வேந்தரைப் பாட வந்த புலவரின் கண், இரண்டு பாட்டிலும், குழந்தை உருட்டும் சிறிய தேரின்மேலும் விழுந்திருக்கிறது. தமிழ்க் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைப் பற்றி ஆராய விரும்புவார்க்கு இவ்விரண்டு இடங்களும் நல்ல தொடக்கமாகும்.

பட்டினப்பாலைக் காட்சி பலரும் அறிந்தது. வீட்டு முற்றத்தில் உணவுப் பொருள் உலர்கின்றது. அதைக் கொத்த வந்த கோழியை விரட்ட, காவலிருந்த பெண் தன் காதிற் கிடந்த பொற்குழையை எறிகின்றாள். அக்குழை, காலில் பொன்னணி பூண்ட சிறுவர் குதிரையின்றி உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குத் தடையாய்க் கிடக்கின்றது. வகுப்பறையில் இப்பகுதி சோழநாட்டின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படும். பொற்குழையை வியக்கும் ஆர்வத்தில், தேரின் சக்கரம் மூன்று என்பதில் எவர் கருத்தும் நிற்பதில்லை. மூன்று கால் உடைய முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாது நிற்கும். நான்கு கால் உடையது ஆடும். முற்றத்து மண்ணில் உருளவேண்டிய தேருக்கு மூன்று சக்கரம் வைத்த தச்சன் தொழில் அறிந்தவன் என்க.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் நுட்பமானது. மருதநிலத்து ஊரில், தச்சரின் பிள்ளைகளே கண்டு ஆசைப்படும்படி செய்யப்பட்ட நல்ல தேர் ஒன்றைப் புதல்வர் உருட்டுகின்றனர். அது ஏறிச் செல்லும் தேர் அன்று. உருட்டியவரோ தளர்நடைப் பருவத்தினர். நடந்த வருத்தம் தீரச் செவிலியரைத் தழுவிப் பாலருந்தி, படுக்கையில் உறங்கிவிடுகின்றனர். எனவே பால்குடி மறவாத, கால் இன்னும் உறுதிப்படாத குழந்தைக்கு உரிய பொருள் அத்தேர் என்பது பெறப்படும். குறுந்தொகையின் 61-ஆம் பாட்டிலும் தச்சன் செய்த சிறு வண்டி ஒன்று வருகிறது. தும்பிசேர்கீரனார் பாடிய அப்பாட்டில் சிறுவர் வண்டியைக் கையால் இழுத்து இன்புறுகின்றனர். தள்ளுவது முந்திய பருவம். இழுப்பது பிந்திய பருவம். தள்ளும் குழந்தைக்கு வண்டியே பிடிகோலாக உதவும். இழுக்கும் குழந்தையோ எதையும் பற்றாமல் நடக்க வல்லதாய் இருத்தல் வேண்டும். உருட்டுதல், இழுத்தல் என்னும் இரு சொற்களால் சங்கப் புலவர் இவ்வேறுபாட்டைத் தாமறியாமலே பதிவு செய்து சென்றுள்ளனர். இன்றும் தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் மர நடைவண்டிக்குச் சக்கரம் மூன்றே.

பருவத்துக்கேற்ற விளையாட்டு என்னும் கருத்தைத் தமிழில் முறைப்பட வகுத்துக்காட்டுவது பிள்ளைத்தமிழ். பெரியாழ்வார் பாசுரங்களில் இதன் கூறுகள் பலவற்றைக் காணலாம். தனி நூலாக நமக்குக் கிடைப்பவற்றுள் காலத்தால் முந்தியது, 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள். மூன்றாந் திங்களில் தொடங்கி இருபத்தொன்றாந் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்களாக எண்ணிச் செல்வது ஒரு முறை. பாட்டியல் நூல்களில் வேறு முறைகளும் உண்டு. ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொதுவான முதல் ஏழு பருவங்கள் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்பன. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்னும் மூன்றும் இறுதியில் வரும்.

இவ்வரிசையில் ஒன்று உற்று நோக்கத்தக்கது. முதல் ஏழு பருவங்களில் கையில் எடுத்து விளையாடும் பொருள் எதுவுமே இல்லை. செங்கீரையில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணியில் தன் கைகளையே கொட்டுகிறது. வருகையில் நடந்து வருகிறது. அம்புலியில் எட்டாத நிலவை விளையாட அழைக்கின்றனர். தன் உடம்பும், தாயின் முகமும், வானத்து நிலவும் தவிர வேறு கருவி அதற்கு வேண்டப்படவில்லை. ஓசைக்குக் கிண்கிணி உண்டு. அதுவும் காலிலேயே கட்டப்பட்டிருக்கும். கையிற் கொடுத்த கிலுகிலுப்பை வாய்க்குப் போகும். காலிற் கட்டிய மணி அத்துணை எளிதிற் போகாது. கோலும் பறையும் தேரும் நடை கைவந்த பின்னரே வருகின்றன. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தை மருத்துவம் எழுத முற்பட்டவர் அல்லர். பாட்டுடைத் தலைவனைக் குழந்தையாக்கிப் போற்றுவதே அவர்தம் நோக்கம். ஆயினும் அவர்கள் வகுத்த வரிசை வீட்டில் வளரும் குழந்தையைப் பார்த்து எழுந்தது என்பதில் ஐயமில்லை.

மேலை நாட்டில் இவ்வரிசையை ஒரு கல்விமுறையாக ஆக்கியவர் செருமானியரான பிரெடரிக் புரோபெல். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் அவர் தொடங்கிய நிலையம், குழந்தைப் பூங்கா என்னும் பொருளுடைய ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரை 1840-இல் பெற்றது. அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களுக்குப் ‘பரிசுகள்’ என்று பெயர். முதற் பரிசு ஆறு நிறங்களில் கம்பளி நூலாற் செய்த மெத்தென்ற பந்துகள். அடுத்தது மரத்தாலான உருண்டையும் கனசதுரமும் உருளையும். அதற்கடுத்தது எட்டுத் துண்டாகப் பிரிந்து மீண்டும் பொருந்தும் கனசதுரம். மெல்லியதிலிருந்து வல்லியதற்கும், முழுமையிலிருந்து பகுதிக்கும் செல்லும் முறை இது. துண்டு துண்டான பொருள் தொடக்கத்தில் வருவதே இல்லை.

இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி 1907-இல் உரோம் நகரில் குழந்தையர் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் மூண்டிருந்தது. இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பகைநாட்டுக் குடியாகக் கருதப்பட்டுத் திரும்ப இயலாது போயிற்று. 1946 வரை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். பொருளைப் பிஞ்சுக் கையின் அளவுக்குச் செய்யவேண்டும். குழந்தை செய்த பிழையைப் பொருளே காட்டித் தரவேண்டும் என்பன அவர் கொள்கைகள். தமிழ்நாட்டுப் பெண் குழந்தைகள் ஆடும் மரச்செப்பு, அடுக்களைப் பாத்திரங்களைப் பிஞ்சுக் கைக்கு அளவாக்கிய பொருளே.

இவ்வாறு பருவம் நோக்கும் அறிவு பழமையானதாயின், குழந்தையின் உயிருக்குத் தீங்கு செய்யும் விளையாட்டுப் பொருள் எங்ஙனம் வந்தது? செய்பவனும் குழந்தையும் பிரிந்ததே பெரிய காரணம். ஊர்த் தச்சன் யாருக்குத் தேர் செய்தானோ அக்குழந்தையைத் தெருவில் கண்டவன். மரப்பாச்சியைச் செம்மரத்தில் கடைந்தவன், குழந்தை அதைக் கடிக்கும் என்பதை அறிந்தே செய்தான். அதற்கு வண்ணம் பூசவில்லை. தொழிற்சாலை வந்தபின், பொருள் ஒரு நாட்டில் உருவாகி, மற்றொரு நாட்டில் வண்ணம் பெற்று, மூன்றாம் நாட்டில் விற்கப்பட்டது. வாயில் வைத்துக் கடிக்கப்போகும் குழந்தையை அம்மூவருள் எவரும் பார்த்ததில்லை.

ஈயத்தின் கதை இதற்குச் சான்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குழந்தைகள் பலர் ஈய நஞ்சால் நோயுற்றனர். 1904-இல் கண் மருத்துவர் லாக்கார்ட் கிப்சன், வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளில் பூசிய ஈய வண்ணமே அந்நஞ்சின் ஊற்று என்று எழுதினார். வெயிலில் பொடியாய் உதிர்ந்த வண்ணம் கையில் ஒட்டி, விரல் சூப்பும்போது வயிற்றுக்குச் சென்றது. குவீன்ஸ்லாந்து அரசு 1922-இல் சட்டம் செய்து, குழந்தைகள் எட்டும் இடங்களில் அவ்வண்ணத்தைத் தடுத்தது. அமெரிக்காவிலோ, விளையாட்டுப் பொருள்களின் வண்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 600 பங்குக்கு மேற்படலாகாது என்ற தடை நடைமுறைக்கு வந்தது 1978-இல்தான். கிப்சன் எழுதி எழுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன! அறிவு இருந்தது, ஆனால் வண்ண வாணிகமும் இருந்தது. 2007-இல் பெரும் நிறுவனங்கள் இலட்சக்கணக்கான பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தபோது ஈய வண்ணம் இன்னும் ஒழியவில்லை என்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு இயற்றிய சட்டம் அவ்வளவை 90 பங்காகக் குறைத்தது.

செல்லுலாய்டுப் பொம்மை எளிதில் தீப்பற்றிக்கொள்ளும். பிரிட்டன் 1967-இல் விளையாட்டுப் பொருள்களில் செல்லுலாய்டைத் தடுத்தது. மேசைப்பந்துக்கு மட்டும் விலக்கு அளித்தது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும் சிறு துண்டுகளுக்கு அமெரிக்கா 1980 முதல் ஓர் எளிய சோதனையை வைத்தது. 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு குழல் ஒன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொருளோ, அதிலிருந்து கழன்று வரும் துண்டோ, அழுத்தாமல் அக்குழலுக்குள் முழுவதும் அடங்கிவிட்டால் அதனை விற்கலாகாது. குழந்தையின் வாயையும் தொண்டையையும் உலோகத்தில் வார்த்து வைத்தாற்போன்ற கருவி அது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உருண்டையான பந்துக்கு இவ்வளவு போதாதெனக் கண்டு 44.4 மில்லிமீட்டர் என்று உயர்த்தியது. இரப்பர்ப் பாலினால் செய்த பலூனுக்கு எட்டு வயது வரை எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. வெடித்த பலூனின் துண்டு தொண்டையின் வடிவுக்கேற்பப் படிந்து மூச்சை முற்றாக அடைக்கும். கோலிக்குண்டை எடுப்பது போல் அதை எடுக்க இயலாது.

பின்னர் வந்த இடர்கள் இரண்டு. வலிய காந்தத் துண்டுகள் இரண்டை விழுங்கிய குழந்தையின் குடலில், அவை ஒன்றையொன்று இழுத்து இடைப்பட்ட குடற்சுவரை நசுக்கித் துளைக்கும். பொத்தான் போன்ற சிறு மின்கலம் உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அதைப் புண்ணாக்கிவிடும். இதனை முன்னிட்டு 2022-இல் அமெரிக்காவில் தனிச் சட்டமே எழுந்தது. மலேசியா 2009-இல் விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புத் தரத்துக்கென ஒழுங்குமுறைகளை இயற்றியது. சிங்கப்பூர் 2011-இல் பொது நுகர்பொருள்களின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைக் கொணர்ந்தது. விளையாட்டுப் பொருள்களும் அவற்றுள் அடங்கும்.

பழமையில் எல்லாம் நன்று என்று இதனாற் கொள்ளுதல் கூடாது. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணி கடித்து மென்றால் உயிரைக் கொல்ல வல்ல நஞ்சுடையது. சிங்கப்பூரில் சாகா மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கும் செவ்விதை மஞ்சாடி. குன்றிமணி அதனின் வேறானது, கருங்கண் உடையது. இரண்டையும் ஒன்றாகக் கருதி ஒரே பெட்டியில் சேர்த்து வைப்பாரும் உளர். தோட்டப்புறங்களில் இரப்பர்க் கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று மோதி உடைத்துப் பிள்ளைகள் பந்தயம் வைத்து ஆடியதுண்டு. அக்கொட்டையின் பச்சைப் பருப்பிலிருந்தும் சயனைடு நஞ்சு வெளிப்படும். சட்டம் கடைப் பொருளைச் சோதிக்கும், மரத்தடியைச் சோதிப்பதில்லை.

பெற்றோர் மயங்கும் இடம் மற்றொன்றும் உண்டு. பெட்டியின்மேல் ‘மூன்று வயதுக்கு மேல்’ என்று எழுதியிருப்பதை அறிவின் அளவாகப் பலர் எண்ணுகின்றனர். தம் பிள்ளை கூர்மதி உடையது, இரண்டு வயதிலேயே இதனைச் செய்துவிடும் என்று மகிழ்ந்து வாங்குகின்றனர். எழுதியது பெரும்பாலும் தொண்டையின் அளவைப் பற்றியது. மதியைப் பற்றியது அன்று. எத்துணைக் கூரிய குழந்தைக்கும் மூச்சுக்குழாய் அதன் வயதுக்குரிய அளவே இருக்கும்.

அன்றியும், ஒரே வீட்டில் ஏழு வயது அக்காளும் ஒன்றரை வயதுத் தம்பியும் இருப்பர். அக்காளுக்கு ஏற்ற பொருளைக் கடைக்காரர் சரியாகவே கொடுத்திருப்பார். அது தம்பியின் கையில் கிடைக்கும்போதுதான் தீங்கு நேரும். பல்லாங்குழிக்குச் சோழியோ புளியங்கொட்டையோ வேண்டும். மலாய் மக்களின் சொங்காக்கிலும் அத்தகைய சிறு காய்களே. அவை அனைத்தும் அச்சோதனைக் குழலுக்குள் எளிதாய் அடங்கிவிடும். பல்லாங்குழிப் பலகைகளுள் நடுவே கீல் வைத்து மடக்கும் வகை ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் காய்களை உள்ளே இட்டு, இரு பாதியையும் சேர்த்து மூடிக் கொக்கி மாட்டிப் பரண்மேல் வைத்துவிடலாம்.