நம் சாலையில் அவர்கள் பெயர் எங்கே?

இந்தக் கருத்தரங்கில் விளக்குக் கம்பங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். ஓர் ஊர் யாரை மதிக்கிறது என்று தெரிய வேண்டுமா? அதன் விளக்குக் கம்பங்களை அண்ணாந்து பாருங்கள். ஆகஸ்டு மாதத்தில் நம் தேசியக் கொடி பறக்கும். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் சிரிப்பார்கள். மற்ற நாள்களில் மலிவு விற்பனை விளம்பரம். ஆனால் இந்த மண்ணைக் காக்கப் போய்த் திரும்பி வராத ஒருவரின் முகத்தை அங்கே நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் பல சிற்றூர்களில் இதை ஒரு திட்டமாகவே நடத்துகிறார்கள். இராணுவப் பணியில் உயிர்நீத்தவரின் படத்தைக் குடும்பத்தார் கொடுக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய காலம் ஆகியவற்றுடன் பதாகை தயாராகிறது. செலவைக் குடும்பமோ, உள்ளூர்ச் சங்கமோ, கடைக்காரரோ ஏற்கிறார். ஊராட்சி மன்றம் அதைக் கம்பத்தில் மாட்டுகிறது. அந்த வீரர் பள்ளிக்குப் போன அதே சாலையில் அவர் முகம் அசைந்துகொண்டிருக்கிறது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஊர் தன் பிள்ளையை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

"நம் ஊருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆயர் ஈத்தாமையே எடுத்துக்கொள்வோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்படும் முன், சிங்கப்பூர் போகும் பேருந்துகள் இங்கே நின்று இளைப்பாறும். மண்பாண்டக் கடைகளும் தின்பண்டக் கடைகளும் நமக்கு நினைவிருக்கின்றன. யோங் பெங், குளுவாங், பத்து பகாட் ஆகிய மூன்று ஊர்ச் சாலைகளும் சந்திக்கும் இடம் இது. அதனால்தான் 1942 ஜனவரியில் போரும் இங்கே வந்தது. ஜனவரி 24, 25 தேதிகளில் ஆஸ்திரேலியாவின் 2/30-ஆவது படையணி இந்தச் சந்திப்பில் நின்று ஜப்பானியரைத் தடுத்தது.

அதற்குச் சில நாள் முன்பு, இங்கிருந்து வடமேற்கே மூவார், பக்ரி, பாரிட் சூலோங் சாலையில் நடந்தது இன்னும் கொடியது. அந்தப் பகுதியைக் காக்க அனுப்பப்பட்டது 45-ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேட். ராஜபுதன ரைபிள்ஸ், ஜாட், கர்வால் ரைபிள்ஸ் ஆகியவற்றைச் சேர்ந்த மூன்று படையணிகள் அதில் இருந்தன. பலர் பயிற்சியே நிறைவடையாத இளைஞர்கள். காட்டுப் போர் என்றால் என்னவென்றே அறியாதவர்கள். தளபதி பிரிகேடியர் டங்கனும் அந்தச் சாலையிலேயே உயிரிழந்தார். எஞ்சிய இந்தியரும் ஆஸ்திரேலியரும் காயம்பட்டோரை லாரிகளில் ஏற்றிக்கொண்டு பின்வாங்கினர். பாரிட் சூலோங் பாலத்தை ஜப்பானியர் முன்பே பிடித்துவிட்டிருந்தனர். ஜனவரி 22-ஆம் தேதி, நடக்க முடிந்தவர்கள் சதுப்பு நிலத்தில் இறங்கித் தப்பினர். நடக்க முடியாதவர்கள் பின்தங்கினர். 110 ஆஸ்திரேலியர்கள், 40 இந்தியர்கள் என ஏறக்குறைய 150 பேர் கைதிகளான பின் கொல்லப்பட்டனர். உடல்கள் பெட்ரோல் ஊற்றி எரிக்கப்பட்டன. இதற்காகத் தளபதி நிஷிமுரா 1951 ஜூன் 11-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

இனி என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். அந்தப் போரை நடத்தி விக்டோரியா கிராஸ் விருது பெற்ற ஆஸ்திரேலியத் தளபதி ஆண்டர்சனின் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்த நாற்பது இந்தியரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. சிங்கப்பூர் கிராஞ்சியில், கல்லறை இல்லாத 24,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் இந்தியப் படையினர் ஏராளம். தத்தம் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினருக்கு, அங்கே தனி நினைவகமும் உண்டு. பெயர் அங்கே பத்திரமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் இரத்தம் சிந்திய சாலையில் காய்கறி வாங்கப் போகிறவருக்கு அந்தப் பெயர் எட்டவில்லை.

"அவர்கள் தமிழர் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், அவர்களில் பலர் கர்வால் மலை போன்ற தொலைவான இடங்களில் பிறந்தவர்கள். ஆனால் எந்த மண்ணில் விழுந்தார்கள்? நம் மண்ணில். அதற்குப் பின் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் நம் நாட்டுப் படையினரும் போலீசாரும் 1,300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1993 அக்டோபரில் மொகாடிஷுவில், சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கப் போன நம் வீரர் மாட் அஸ்னான் அவாங் உயிர்துறந்தார். அவரை இனம் பார்த்தா நாம் நினைக்கிறோம்?

தெருவில் நினைவுகூர்வதன் பலனைத் திருச்சியில் காணலாம். 1999 மே 29-இல் கார்கில் போரின் பட்டாலிக் முனையில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்கு அந்நகரில், மக்கள் நடமாடும் இடத்திலேயே நினைவிடம் இருக்கிறது. தினமும் அந்தப் பக்கம் போகிறவர்கள் வரலாறு படிக்காமலேயே அவர் பெயரைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஜூலை 31 நம் வீரர் தினம். 1960-இல் அவசர காலம் முடிவுக்கு வந்த நாள் அது. ஜூலை நடுவிலிருந்து மலேசிய தினமான செப்டம்பர் 16 வரை ஆயர் ஈத்தாம் சாலைக் கம்பங்களில் வீரர்களின் பதாகைகள் தொங்கட்டும். கம்பம் இருக்கிறது, கொடி மாட்டும் கொக்கியும் இருக்கிறது. மூன்று நிபந்தனைகள் மட்டும் வேண்டும். முதலாவது, குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் படம் போடக்கூடாது. இரண்டாவது, இனம், பதவி பார்த்துத் தேர்வு செய்யக்கூடாது. மூன்றாவது, பதாகைக்குப் பணம் கொடுத்த பிரமுகரின் முகம் வீரரின் முகத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது! படம் கிடைக்காதவருக்குப் பெயரும் ஊரும் போதும். பெயரே தெரியாத அந்த நாற்பது பேருக்காக ஒரு பதாகையை வெறுமையாகவே விடலாம். "இது யாருக்கு அம்மா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அதுவே நல்ல வரலாற்றுப் பாடம்.

பதாகை வெயிலில் வெளுத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் புதிதாக மாட்ட வேண்டிவரும். அந்த வேலை நமக்கு நல்லதுதான். கல்லில் பொறித்துவிட்டால் கடமை முடிந்தது என்று போய்விடுவோம். துணி என்றால் மறுபடியும் வந்துதான் ஆக வேண்டும்.

இந்தப் பக்கத்தை மடித்து வைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். வீட்டு அலமாரியிலோ பாட்டியின் இரும்புப் பெட்டியிலோ சீருடை அணிந்த ஒருவரின் பழைய படம் இருந்தால், வெளியே எடுங்கள். பின்புறத்தில் அவர் பெயரை இன்றே எழுதி வையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பதாகையைப் பிறகு தைத்துக்கொள்ளலாம்.